மூன்று சுவர்க் கிருமி

இந்தக் காலத்து மனிதர்கள் யாரும் 'முடியாது' என்று சொல்வதில்லை. சோலைச்சாமிக்கு அதுதான் பெரிய எரிச்சல். முன்பெல்லாம் ஓர் ஆபீசுக்குப் போனால், "போய்யா வெளியே" என்பான். இங்கே காரியம் ஆகாது என்று மனுசனுக்கு உடனே தெரிந்துவிடும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அவன் வம்சத்தை மனசுக்குள் ஒரு சுற்று விசாரித்துவிட்டு, வேறு வழியைப் பார்க்கலாம். இப்போது எவனும் திட்டுவதில்லை. நாற்காலி போடுகிறான். "உக்காருங்கய்யா, டீ சாப்பிடுங்க" என்கிறான். "உங்க விசயம் பிராசஸ்ல இருக்கு" என்று சிரிக்கிறான். திட்டுகிறவனைத் திருப்பித் திட்டலாம். டீ கொடுக்கிறவனை என்ன செய்வது?

அப்படி அவர் பூவலிங்கம் நினைவுக் கலை அறிவியல் கல்லூரியில் குடித்த டீ முப்பத்தாறு. ஒன்றில்கூடச் சர்க்கரை சரியாக இருந்ததில்லை.

சோலைச்சாமிக்கு வயது அறுபத்தெட்டு. ஏழாயிரம்பண்ணையில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்குச் சணல் வெடி சுற்றுகிறவர். காகிதக் கூட்டின்மேல் பசையைத் தடவி, சணலை இறுக்கி இறுக்கிச் சுற்றி, அதற்குமேல் பச்சைக் காகிதம் ஒட்டி அனுப்புவார். அவர் சுற்றிய கூடு பிரிந்ததாகக் கம்பெனியில் இன்றுவரை ஒரு புகார் கிடையாது. மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. தமிழை எழுத்துக்கூட்டுவார். இங்கிலீஷ் என்றால் அவருக்குக் கோழி கிண்டிய மண்தான்.

ஒரே மகள் பொன்மணி. அவளும் அதே கம்பெனியில் வேலை. தீபாவளிச் சீசன் சூடு பிடித்திருந்த ஆவணி மாதத்தில், காயப்போட்ட சரக்கில் தீப்பிடித்து அவளுக்கு வலது கை முழங்கை வரைக்கும் வெந்துபோனது. விருதுநகரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தீக்காயம் ஆறுகிற நேரத்தில் ஆறாமல் பச்சையாகச் சீழ் வைத்தது.

பர்ஹத் என்று ஒரு டாக்டரம்மா. சின்ன வயசு, ஆனால் கண்ணைப் பார்த்துப் பேசுகிற பிள்ளை.

"புண்ணுல ஒரு கிருமி குடியிருக்கு அய்யா. நான் போடுற மருந்து எதுக்கும் மசிய மாட்டேங்குது. எந்த மருந்துக்குச் சாகும்னு டெஸ்ட் பண்ணணும். அந்த வசதி இங்க இல்ல. பூவலிங்கம் காலேஜ்லதான் இருக்கு. இந்தக் குழாயைக் கொண்டுபோய்க் கொடுத்துட்டு ரிப்போர்ட்டை வாங்கிட்டு வாங்க. மூணு நாள்ல கிடைச்சிரும்."

சீழ் தொட்ட பஞ்சு இருந்த குழாயை மடியில் வைத்துக்கொண்டு சோலைச்சாமி பஸ் ஏறினார். கல்லூரி வாசலில், 'ஏழை எளியோர்க்கு இலவசக் கிருமிப் பரிசோதனை' என்று அவர் எழுத்துக்கூட்டும் அளவுக்குப் பெரிதாகவே எழுதியிருந்தது.

உள்ளே அட்டெண்டர் மொக்கைச்சாமி ஏழு பக்க இங்கிலீஷ் தாளை நீட்டினார். "அண்ணாச்சி, இதுல பெருவிரலை வைங்க."

"என்னப்பா எழுதியிருக்கு?"

"கிருமியை நீங்க மனமுவந்து காலேஜுக்குத் தாரீகன்னு."

"எம் மககிட்ட இருந்து அதை எடுத்துக்கிடுவீகளா?"

"அது அங்கனயேதான் இருக்கும். பாத்தியதை மட்டும் எங்களுக்கு."

சோலைச்சாமிக்கு விளங்கவில்லை. இருந்தாலும் இடது பெருவிரலை வைத்தார்.

மூன்றாம் நாள் போனார். நாற்காலி. டீ. ஐந்தாம் நாள் போனார். நாற்காலி. டீ. எட்டாம் நாள் துறைத்தலைவர் காளீஸ்வரனே அறைக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தார். பெயருக்கு முன்னால் முனைவர், பின்னால் எழுத்துகள் ஒரு முழம். சோலைச்சாமி அவரை 'வாத்தியாரே' என்று கூப்பிட்டார். அது அவருக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் தொடர்ந்து அப்படியே கூப்பிட்டார்.

"அய்யா, உங்களுக்கு ஒரு சந்தோஷமான செய்தி. உங்க மக புண்ணுல இருக்கிறது சாதாரணக் கிருமி இல்ல. இதோட சுவர் மாதிரிக் கெட்டியான சுவரை நாங்க பாத்ததே இல்ல."

"நல்லதா வாத்தியாரே?"

"ரொம்ப நல்லது."

"யாருக்கு?"

காளீஸ்வரன் சாக்பீசை எடுத்தார். "அறிவியலுக்கு."

பிறகு கரும்பலகையில் ஒரு வெள்ளரிக்காயை வரைந்தார். "இதான் கிருமி. உள்ள ஒரு சவ்வு. அதுக்கு மேல வலை மாதிரி ஒரு சுவர். அதுக்கும் மேல வெளிச்சவ்வு. இந்த மூணும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நிக்குதே, யாரு பிடிச்சிருக்கா? புரதம். ஒரு புரதம் வெளிச்சவ்வுல காலை ஊன்றிக்கிட்டு நடுச்சுவரைப் பிடிச்சிருக்கும். இன்னொண்ணு உள்சவ்வுல நின்னுக்கிட்டு அதுக்குக் கை கொடுக்கும். இப்படி ஆயிரக்கணக்கான சோடி. இந்தப் பிடி விட்டுப்போச்சுன்னா வெளிச்சவ்வு கொப்புளம் கொப்புளமாப் பிதுங்கி, உள்ள இருக்கிறது வெளிய ஒழுகிரும். மருந்தும் சுளுவா உள்ள போயிரும்."

"அம்புட்டுத்தானா? பிடியை விட வைங்க."

"அதைத்தான் ஆராயுறோம். மூணு வருஷத் திட்டம்."

"எம் மக கைக்கு மூணு வருசம் கிடையாதே."

"கை வேற, ஆராய்ச்சி வேற அய்யா." சொல்லிவிட்டு மணியடித்தார். டீ வந்தது.

அன்று மொக்கைச்சாமி கிருமி இருக்கும் அறையைக் காட்டினார். "செருப்பைக் கழட்டிட்டு வாங்க அண்ணாச்சி. கிருமிக்குத் தூசி ஆகாது."

அறை குளுகுளு என்றிருந்தது. நடுவே ஒரு பெட்டி. அதற்குள் மட்டும் மனுச உடம்புச் சூடு, முப்பத்தேழு டிகிரி. கிருமிக்கு ஒரு வேளை ஆட்டு ரத்தம், ஒரு வேளை மாட்டுச்சாறு. கரண்ட் போனால் அரை நிமிடத்தில் ஜெனரேட்டர். கிருமி நலக் கண்காணிப்புக் குழு என்று ஒன்று செவ்வாய்தோறும் கூடி, அது சௌக்கியமாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டது. ஆஸ்பத்திரியில் பொன்மணி கட்டிலுக்கு மேலே இருந்த மின்விசிறி சுற்றி இருபது நாளாகிறது. அவளுக்குக் காலையில் பிரெட், மத்தியானம் பிரெட்.

"ஒரே கிருமிதானய்யா ரெண்டு இடத்துலயும் இருக்கு?" என்று சோலைச்சாமி கேட்டார்.

"ஆமா."

"இங்க இருக்கிறதுக்குக் கொடுப்பினை."

இருபத்தோராம் நாள் போனபோது வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. கிருமிக்கு அரை மணிக்கு ஒரு தலைமுறை. ஆயிரமாவது தலைமுறை பிறந்துவிட்டதாம். பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கல்லூரி முதல்வர் தேங்காய் உடைத்தார். எல்லாருக்கும் கேசரி. சோலைச்சாமிக்கு இரண்டு கரண்டி, தாய்வீட்டுச் சொந்தம் என்பதால்.

கேசரித் தட்டை நீட்டிய பெண் இசைவாணி. ஆராய்ச்சி மாணவி. பஞ்சில் இருந்த கிருமியை வளர்த்து டெஸ்ட் எடுத்தவள் அவள்தான். "ஏத்தா, எந்த மருந்துக்குச் சாகும்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். அவள் தரையைப் பார்த்தாள். அவள் வாயைத் திறந்தால் அவளுடைய முனைவர் பட்டம் மூடிக்கொள்ளும். அதற்கும் காளீஸ்வரன்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

ரிப்போர்ட் ஏன் வரவில்லை என்பதற்குக் காரணங்கள் இருந்தன. ஐந்து கையெழுத்து வேண்டும். கடைசிக் கையெழுத்து காளீஸ்வரனுடையது. அதைப் போடலாம் என்று இருந்தபோது கல்லூரிச் சின்னத்தில் இருந்த விளக்குக்கு ஒரு திரிக்குப் பதில் இரண்டு திரி என்று நிர்வாகம் முடிவெடுத்தது. ஒற்றைத் திரித் தாளில் அடித்த ரிப்போர்ட் எதுவும் செல்லாது. இரட்டைத் திரித் தாளைச் சிவகாசியில் அச்சடிக்கக் கொடுத்திருந்தார்கள். அச்சாபீசில் காலண்டர் ஆர்டர் குவிந்து கிடந்தது. பர்ஹத் டாக்டர் மூன்று கடிதம் போட்டாள். மூன்றுக்கும் 'கிடைக்கப்பெற்றோம்' என்று பதில் போயிற்று. வேறொரு பஞ்சை மதுரையில் ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பினாள். உங்கள் வட்டாரத்துக் கிருமி பூவலிங்கம் கல்லூரிக்கு ஒதுக்கப்பட்டது என்று எழுதி அதைத் திருப்பிவிட்டார்கள்.

முப்பத்துநாலாம் நாள், ஒரு திங்கட்கிழமை, காளீஸ்வரன் தானாகவே கூப்பிட்டார். முகத்தில் கல்யாண வீட்டுக் களை.

"அய்யா நீங்க சணல் வெடி சுத்துறவராமே? வெள்ளிக்கிழமை டெல்லியில இருந்து நிபுணர் குழு வருது. திட்டத்துக்கு ரெண்டாம் கட்டம் கொடுக்கலாமான்னு பாக்க. கிருமியை ஒன்பதடி நீளத்துல செஞ்சு மேடையில வைக்கணும். மூணு சுவர், நடுவுல கை கோத்த புரதங்கள். செய்வீகளா?"

சோலைச்சாமி கரும்பலகையைப் பார்த்தார். "உள்ளே காகிதக் கூடு. நடுவுல சணல் வலை. வெளிய ஒட்டுத்தாள். இதைத்தானய்யா ஐம்பது வருசமாச் செய்யுதேன்."

காளீஸ்வரனுக்கு அடிமட்ட மக்களிடம் அறிவியல் போய்ச் சேர்ந்துவிட்டது என்று மெய்சிலிர்த்தது. "மருந்து மட்டும் வச்சிராதீக" என்றார்.

காகிதத்துக்கு மொக்கைச்சாமி ஒரு சாக்கு மூட்டையைத் தூக்கி வந்தார். "பழைய லெட்டர்பேடு அண்ணாச்சி. ஒத்தத் திரி. இனி செல்லாது. ஒரு மாசம் மூலையில கெடந்த தாளை வச்சு என்ன பண்ண? உருட்டிருங்க." அதில் தப்புச் சொல்ல முடியாது. பரீட்சைப் பேப்பர், பஞ்சாயத்து ஆபீஸ் பைல், காதல் கடிதம் எதுவானாலும் அந்தச் சீமையில் ஒரு மாதம் கேட்பாரற்றுக் கிடந்தால் வெடிக்குள் போய்விடும். மொக்கைச்சாமி பிறந்ததிலிருந்து பார்த்த வழக்கம் அது.

வெடி சுற்றுகிறவர்கள் தாளைப் படிப்பதில்லை. படித்தால் உருப்படி குறையும். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் வேறு காகிதத்தில் உள்கூட்டை முடித்தார். புதன்கிழமை சாக்கை அவிழ்த்துப் பசையைத் தடவப் போனவர் கை நின்றது. தாளுக்குப் பின்னால் குத்தியிருந்த இன்னொரு தாளில் ஊதா நிறத்தில் ஒரு பெருவிரல் ரேகை. ரேகையின் குறுக்கே வெட்டுத் தழும்பு. சணல் இழுத்து இழுத்து விழுந்த தழும்பு. விரலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவருடையதுதான்.

சாக்கைக் கொட்டி எண்ணினார். ஒன்றரைக் குரோசுக்கு ஐந்து குறைவு. இருநூற்றுப் பதினொரு தாள்.

மத்தியானத்துக்குள் சாக்கோடு விருதுநகர் போய்ச் சேர்ந்தார். பர்ஹத் டாக்டர் தாளைப் பார்த்தாள். இன்னொரு தரம் பார்த்தாள். காது மடல் சிவந்துவிட்டது.

"மூணாம் நாளே டெஸ்ட் முடிஞ்சிருக்கு அய்யா. மருந்து பேரு இந்தா இருக்கு. நம்ம ஸ்டோர்லயே இருக்கிற மருந்து."

ஓடினாள். கால்மணி கழித்து வெறுங்கையோடு வந்தாள். "நாலு கையெழுத்து இருக்கு, துறைத்தலைவர் கையெழுத்து இல்ல, தரமுடியாதுங்கிறாங்க. சண்டை போட்டுப் பாத்துட்டேன். பெரிய மருந்தாம், சட்டமாம்."

"எப்ப வரைக்கும் தாங்கும் தாயி?"

அவள் கண்ணைப் பார்த்தே சொன்னாள். "சனிக்கிழமை காலையில கையை எடுக்க நாள் குறிச்சாச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள மருந்து ஏறிட்டா நான் அதை நிறுத்திருவேன்."

சோலைச்சாமி மற்றத் தாள்களையும் காட்டினார். அவள் பெயர்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். "இதுல பாதிப் பேர் இன்னும் வார்டு வார்டாக் கெடக்காங்க" என்றாள். கொஞ்சம் கழித்து, "சில பேருக்கு இனிமே தேவையில்ல" என்றாள்.

வியாழக்கிழமை சோலைச்சாமி காளீஸ்வரன் முன்னால் போய் நின்றார். சாக்கு விசயத்தைச் சொல்லவில்லை. சொன்னால் சாக்கும் பிராசஸுக்குப் போய்விடும்.

"வாத்தியாரே, ஒத்தக் கையெழுத்து. நாளான்னைக்கு எம் மக கையை வெட்டப் போறாக."

"திங்கக்கிழமை கமிட்டி கூடும் அய்யா. முதல் வேலையா எடுத்துருவோம்."

"சனிக்கிழமை வெட்டின கைக்குத் திங்கக்கிழமை எதுக்குய்யா ரிப்போர்ட்டு?"

காளீஸ்வரன் எழுந்து கதவைச் சாத்தினார். படிக்காத மனிதரிடம் உண்மையைப் பேசுவதில் ஆபத்து இல்லை என்பது அவர் அனுபவம். "நீங்க நம்ம ஆளு மாதிரி, அதனால சொல்றேன். கையெழுத்துப் போட்டா கேஸ் முடிஞ்சிரும். மருந்து போட்டா கிருமி முடிஞ்சிரும். டெல்லிக்காரங்க முன்னாடி, 'இதோ, இந்தக் கிருமி இப்பவும் ஒரு உயிருள்ள நோயாளி கையில எல்லா மருந்தையும் எதிர்த்து நிக்குது'ன்னு நான் சொல்லணும். நாளைக்கு ஒருநாள் மட்டும் உங்க மக அதைத் தாங்கிக்கிட்டா இந்தத் துறை இன்னும் அஞ்சு வருஷம் நிக்கும். அவங்களுக்கு விழா மலர்ல நன்றி போட்டிருக்கோம்."

"பேரு போட்டிருக்கீகளா?"

"பேரு போடக்கூடாது. அது நோயாளியோட ரகசியம். நாங்க அதுல ரொம்பக் கண்டிப்பு."

சோலைச்சாமி அன்றைக்கு டீயைக் குடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து வேலையை முடித்தார். பொன்மணியின் தாளை மடியில் கட்டிக்கொண்டார். மற்ற இருநூற்றுப் பத்தையும் சணல் வலைக்கும் வெளித்தாளுக்கும் நடுவில் திணித்து அடைத்தார். வெளித்தாளைப் பசை போட்டு ஒட்டவில்லை. புரதம் என்று செய்த காகித உருளைகளாலேயே அதைக் கட்டினார், அரிசி மூட்டைக்குப் போடுகிற தையல் மாதிரி. ஒரு நுனியை இழுத்தால் கடைசி வரைக்கும் ஓடுகிற தையல். அவர் வாழ்க்கையில் பிரிவதற்கென்று கட்டிய முதல் கூடு அதுதான். கம்பெனி வேன் ஓட்டும் முனியராஜிடம் ஒரு சேதி சொன்னார். முனியராஜ் மற்ற வேன்காரர்களிடம் சொன்னான். வெள்ளி காலையில் ஊருக்கு ஊர் ஆள் ஏற்றுகிற இடத்திலெல்லாம் ஒரே கேள்விதான்: "பூவலிங்கம் காலேஜுக்குப் புண்ணுத் தண்ணி கொடுத்தவுக யாரும் இருக்கீகளா? இன்னைக்கு ரிப்போர்ட்டு கொடுக்காக, ஏறுங்க."

விழா மண்டபத்தில் ஒன்பதடிக் கிருமி வெள்ளித்தாள் மினுமினுக்கப் படுத்திருந்தது. மாலை போட்டிருந்தார்கள். மேடையில் டெல்லிக் குழுவினர் மூவர். தலைவர் தமிழர்தான், டெல்லியில் வெகுகாலம் இருந்ததால் வெயிலுக்குப் பயந்தவர். இசைவாணி மைக்கில் நிகழ்ச்சிகளைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பின்வரிசைகளில் கட்டுப் போட்ட காலும் கையுமாக அறுபது எழுபது பேர் வந்து உட்கார்ந்தார்கள். பொதுமக்களுக்கு இவ்வளவு ஆர்வமா என்று குழுத் தலைவர் குறிப்பெழுதினார்.

காளீஸ்வரன் பேசினார். "இந்தத் துறையை வளர்த்தவர்கள் நாங்கள் அல்ல. இந்த மாவட்டத்தின் ஏழை நோயாளிகள். அவர்களுடைய புண்கள் சீக்கிரம் ஆறியிருந்தால் நாம் இன்று இங்கே கூடியிருக்க முடியாது. அவர்கள் பொறுமையாக இருந்தார்கள். நாங்கள் அதைவிடப் பொறுமையாக இருந்தோம்."

கைதட்டல்.

"இந்தக் கிருமியின் சுவரும் எங்கள் துறை மாதிரிதான். யாரும் தனியாக நிற்பதில்லை. ஒருவர் கையை ஒருவர் பிடித்திருக்கிறோம். வெளியிலிருந்து எதுவும் உள்ளே போகாது, உள்ளேயிருந்து எதுவும் வெளியே வராது. ஐயா அவர்கள் ஒரு புரதத்தைப் பிடுங்கிப் பார்க்கலாம். சுவர் அசையாது."

குழுத் தலைவர் எழுந்து, நீட்டிக்கொண்டிருந்த ஓர் உருளையைப் பிடித்து இழுத்தார்.

முதலில் தலைப்பக்கம் ஒரு கொப்புளம் கிளம்பியது. பிறகு வயிற்றில் ஒன்று. தையல் சரசரவென்று ஓடுகிற சத்தம். மண்டபத்தில் உள்ளூர்க்காரர் அத்தனை பேரும், முதல்வர் உட்பட, பெஞ்சுக்கு அடியில் குப்புற விழுந்தார்கள். சணல் வெடிக்காரர் செய்த உருப்படி சத்தம் போட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அந்தச் சீமையில் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டெல்லிக்காரர்கள் மட்டும் உட்கார்ந்தபடி, இது என்ன மரியாதை என்று பார்த்தார்கள்.

வெடிக்கவில்லை. வெளிச்சுவர் மட்டும் வயிறு பிதுங்கி, பொலபொலவென்று தாள்கள் மேடையெல்லாம் கொட்டின.

காளீஸ்வரன் மேடை மேசைக்கு அடியிலிருந்து எழுந்து சட்டையைத் தட்டினார். ஒற்றைத் திரி விளக்கைப் பார்த்தார். முகம் வெளுத்தது. ஆனால் அவர் இருபது வருடம் துறையை நடத்தியவர்.

"இதுதான்" என்றார் மைக்கில், "பிடி விட்டபின் சுவர் ஒழுகும் நிலை."

டெல்லிக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். "எத்தனை தத்ரூபம்! உண்மையான ரிப்போர்ட்டுகளையே வைத்திருக்கிறீர்கள்" என்றார் தலைவர்.

அப்போது சோலைச்சாமி மேடையேறினார். மடியிலிருந்து தாளை எடுத்து மேசையில் விரித்தார். "போடுங்க வாத்தியாரே."

"அய்யா, இது விழா..." என்றார் காளீஸ்வரன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"இது என்ன நிகழ்ச்சி?" என்று குழுத் தலைவர் கேட்டார்.

காளீஸ்வரனிடம் இரண்டே பதில்கள் இருந்தன. ஒன்று உண்மை. "பயனாளிகளுக்கு... அறிக்கை வழங்கும் நிகழ்ச்சி" என்றார்.

"பிரமாதம். எல்லாருக்கும் வழங்குங்கள். போட்டோ எடுக்கட்டும்."

கேமரா மின்னியது. காளீஸ்வரன் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். முப்பத்தெட்டு நாள் வராத கையெழுத்து. போட எடுத்தது மூன்று விநாடி.

சோலைச்சாமி தாளோடு ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. வாசலில் இன்ஜினை அணைக்காமல் நின்ற முனியராஜிடம் கொடுத்து, "பர்ஹத் டாக்டர் கையில கொடு. வேற எவன் கேட்டாலும் கொடுக்காதலே" என்று வேனை விரட்டிவிட்டு, திரும்பி வந்து காளீஸ்வரன் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார். தான் ஏறி உட்கார்ந்தால் வேன் வேகமாக ஓடப்போவதில்லை. இங்கே வேலை பாக்கி இருந்தது.

இசைவாணி கீழே குனிந்து ஒரு தாளை எடுத்தாள். காளீஸ்வரன் அவளை முறைத்தார். அவள் தாளைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள், பிறகு மைக்கைப் பிடித்து முதல் பெயரைப் படித்தாள். குரல் நடுங்கியது. மூன்றாவது பெயரில் நடுக்கம் நின்றுவிட்டது. பின்வரிசைகள் எழுந்தன. வராதவர்களின் தாளைக் கேட்டு, அந்தந்த ஊர் வேன்காரர்கள் வரிசையில் நின்றார்கள்.

ஐம்பது கையெழுத்தில் காளீஸ்வரனின் சிரிப்புப் போனது. எண்பதில் விரலை உதறினார். "கொஞ்சம் இடைவேளை விட்டு..." என்று ஆரம்பித்தார்.

"கை வேற, ஆராய்ச்சி வேறன்னீக வாத்தியாரே. கைதானே வலிக்குது? போடுங்க" என்றது நாற்காலிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

இருக்கன்குடியிலிருந்து சண்முகத்தாய் என்று ஒரு பெண் வந்திருந்தாள். அவள் முறை வந்தது. இசைவாணி படித்தது அவள் புருசன் பெயர்.

"அவரு வரலையாம்மா?" என்றார் காளீஸ்வரன், பேனாவைத் தூக்கியபடி.

"போன மாசம் பதினேழாந்தேதி செத்துட்டாரு."

"அப்ப எதுக்கும்மா இது? இறந்தவருக்கு ரிப்போர்ட் கொடுக்க விதி இல்ல."

"எந்த மருந்து கொடுத்திருந்தா பொழைச்சிருப்பாருன்னு நான் தெரிஞ்சுக்கிட வேண்டாமா? போடுங்க."

குழுத் தலைவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார். காளீஸ்வரன் போட்டார். அவள் தாளை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, மேடையிலேயே அவர் காலடியில் காறித் துப்பிவிட்டு இறங்கிப் போனாள். யாரும் அதை நிகழ்ச்சி நிரலில் தேடவில்லை.

இருநூற்றுப் பத்தும் முடிய மணி மூன்றானது. கடைசிக் கையெழுத்துகள் கோழி கிண்டியது போல இருந்தன. அவை சோலைச்சாமிக்கே ஓரளவு புரிந்தன. டெல்லிக்காரர்களின் பிரியாணி ஆறிப்போயிருந்தது. காளீஸ்வரனின் வலது கை மேசையிலிருந்து எழவில்லை. சோலைச்சாமி அந்தக் கையைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். ஊறப்போட்ட சணல் மாதிரிக் கிடந்தது. பார்க்கக் கண்ணுக்கு நன்றாகத்தான் இருந்தது. பிறகு பஸ் பிடித்தார்.

பொன்மணிக்கு ஒன்றரை மணிக்கே முதல் ஊசி போயிருந்தது. சனிக்கிழமை கையை எடுப்பதைப் பர்ஹத் டாக்டர் நிறுத்தினாள். நாலாம் நாள் சீழ் வற்றியது. கை தப்பியது. இரண்டு விரல் மட்டும் மடங்காது. முப்பத்தெட்டு நாளுக்கு விலை அந்த இரண்டு விரல் என்று வைத்துக்கொள்ளலாம் என்றாள் டாக்டர். சோலைச்சாமி வைத்துக்கொள்ளவில்லை.

தீபாவளி கழிந்து பொன்மணியை வீட்டுக்கு அனுப்பிய அன்று, ஆஸ்பத்திரி வாசலில் ஒரு கார் வந்து நின்றது. காளீஸ்வரன் இறங்கினார். கையில் பொன்னாடை, பின்னால் போட்டோக்காரர். வலது மணிக்கட்டில் வலிக்குக் கட்டுகிற பட்டை.

"அய்யா, உங்களால ரெண்டாம் கட்டம் கிடைச்சிருச்சு. அந்த மாடல் குழுவை ரொம்பக் கவர்ந்துபோச்சு. உங்களைத் துறையோட கௌரவ ஆலோசகராப் போட்டிருக்கோம்."

"மொக்கைச்சாமி எங்க?"

"அவர் மேல விசாரணை நடக்குது. ஆவணங்களை வெளிய விட்டதுக்கு." காளீஸ்வரன் குரலைத் தாழ்த்தினார். "நாங்களும் திருந்திட்டோம் அய்யா. இனிமே ஏழே நாள்ல ரிப்போர்ட். அஞ்சு கையெழுத்து இல்ல, ரெண்டே ரெண்டு. அதைக் கண்காணிக்க ஒரு குழு போட்டிருக்கோம்."

"அந்தக் கிருமி செத்துருச்சா?"

"உங்க மக கையில செத்துருச்சு."

"உங்ககிட்ட?"

காளீஸ்வரன் முகம் மலர்ந்தது. "பத்திரமா இருக்கு. மைனஸ் எண்பது டிகிரியில உறைய வச்சிருக்கோம். நூறு வருஷம் ஆனாலும் ஒண்ணும் ஆகாது. தனியா ஒரு ஜெனரேட்டர் வாங்கியாச்சு."

போட்டோக்காரர் பொன்னாடையைப் பிரித்தார். சோலைச்சாமி பொன்மணியின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு அவர்களுக்கு நடுவே புகுந்து ரோட்டைப் பார்க்க நடந்தார். விரித்த பொன்னாடை போட்டோக்காரர் கையிலேயே தொங்கியது.

"நம்புங்க அய்யா, எல்லாம் மாறிருச்சு!" என்று காளீஸ்வரன் பின்னாலிருந்து சத்தம் போட்டார்.

பொன்மணி ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். "அய்யா, அவரு சொல்றது நெசமா இருக்குமோ?"

ஏழாயிரம்பண்ணை பஸ் உறுமிக்கொண்டு நின்றது.

"ஏறு" என்றார் சோலைச்சாமி.